ஆய்வுத் தரவை எங்கே வைப்பது: டிரைவா, ஓஎஸ்எஃபா, ஸெனோடோவா?

மூன்று கல்லூரிகள் சேர்ந்து எடுத்த கிணற்று நீர்மட்டத் தரவைப் பொதுவில் வைக்க இடம் தேடினோம். கடைசியில், ஆய்வுத் தரவைப் பொதுவில் சேமித்துவைக்கும் இணையதளமான ஸெனோடோவுக்குப் போனோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

வேலை நடக்கும்போது கூகுள் டிரைவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரே ஷீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் எழுதலாம், 15 ஜிபி இலவசம், யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிக்கல் வேலை முடிந்த பிறகுதான். டிரைவில் கோப்பு அதை உருவாக்கியவரின் கணக்கோடு ஒட்டியது. ஆய்வு மாணவர் வைவா முடித்துக் கிளம்பியதும் கல்லூரி அவர் கணக்கை மூடினால் கோப்பும் போய்விடும். சொந்த ஜிமெயில் என்றாலும், இரண்டு ஆண்டு தொடாமல் கிடந்தால் கூகுள் அழிக்கலாம். ஷேர்டு டிரைவில் கோப்பு நிறுவனத்துக்குச் சொந்தம்; ஆனால் மூன்று கல்லூரிகளில் எது அந்த நிறுவனம்? கட்டுரை அச்சாகி ஐந்தாறு ஆண்டு கழித்து ஒருவர் தரவைத் தேடி வந்தால் இணைப்பு திறக்க வேண்டும். எங்கள் முடிவு இந்த ஒரு விஷயத்தில்தான் நின்றது.

ஸெனோடோவை 2013 முதல் ஜெனீவாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் நடத்துகிறது. கணக்கு இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்றலாம். ஒவ்வொரு பதிவுக்கும் நிரந்தர அடையாளமாக டிஓஐ கிடைக்கும். ஒரு கிணற்றின் அளவைத் திருத்தினால் புதிய பதிப்பு போடலாம். அதற்குத் தனி டிஓஐ. பழைய பதிப்பும் அப்படியே இருப்பதால், அதை வைத்துக் கணக்குப் போட்டவர் எந்த எண்களைப் பயன்படுத்தினார் என்று பிறகும் சரிபார்க்கலாம். எல்லாப் பதிப்புக்கும் பொதுவான டிஓஐ ஒன்றும் உண்டு. எனக்கு இதைவிடப் பெரிது, வெயிலில் கிணறு கிணறாக அளந்த மாணவர்களின் பெயர்கள், ஆய்வாளருக்கான தனி அடையாளமான ஆர்கிட் எண்ணோடு ஆசிரியர் பட்டியலில் ஏறுவது. கட்டுரையில் இடம் கிடைக்காதவருக்கும் தரவில் உரிய பெயர் கிடைக்கிறது.

ஓஎஸ்எஃப் (ஓபன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க்) என்ற ஆய்வுத் திட்டத் தளமும் மோசமில்லை. அமெரிக்காவின் சென்டர் ஃபார் ஓபன் சயின்ஸ் நடத்துகிறது; டிஓஐ அங்கும் வாங்கலாம், டிரைவையே அதோடு இணைக்கலாம். ஆய்வைத் தொடங்கும் முன்பே கருதுகோளைப் பதிந்துவைக்க வேண்டிய உளவியல் துறையினர் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். ஆனால் திட்டப் பக்கத்தில் உள்ள கோப்புகள் மாறிக்கொண்டே இருக்கலாம். அவற்றை மாறாமல் உறைய வைக்கத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நான் அதில் ஒரு சிறு திட்டம் மட்டுமே நடத்தியவன், பெரிய குழுவுக்கு எப்படி என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன்.

ஸெனோடோவில் அனுமதி பெற்றவர் மட்டும் திறக்கும்படி கோப்பைப் பூட்டும் வசதியை நாங்கள் பயன்படுத்தவில்லை. கிணற்று உரிமையாளர்களின் பெயர்களை நீக்கிவிட்டுத்தான் ஏற்றினோம். பேட்டி, நோயாளி விவரம் வைத்திருப்பவர்கள் முதலில் தங்கள் நெறிமுறைக் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அன்றாட அளவீடு இன்றும் டிரைவில்தான் ஏறுகிறது. பருவமழை முடிந்ததும் சரிபார்த்த அட்டவணைக் கோப்பு (சிஎஸ்வி) ஸெனோடோவில் புதிய பதிப்பாகப் போகிறது.