கல்யாணத்துக்குப் போன இடத்தில் குடல் அடைப்பு

2024 டிசம்பரில் தங்கை மகள் கல்யாணத்துக்காக டொரொண்டோவிலிருந்து மூன்று வார லீவில் கும்பகோணம் போனேன், அதில் எட்டு நாள் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிந்தது. பெயர் வேண்டாம், ஏனென்றால் பாராட்டவும் இருக்கிறது, திட்டவும் இருக்கிறது.

முகூர்த்தத்துக்கு மறுநாள் காலையில் தொப்புளைச் சுற்றி வலி. விட்டு விட்டு வரும், வந்தால் உடம்பை முறுக்கிப் போடும். மதியத்துக்குள் வயிறு தவில் மாதிரி உப்பிவிட்டது, வாந்தி பச்சையாக வந்தது. வீட்டில் ஓம வாட்டர், சீரகத் தண்ணீர், பன்னீர் சோடா எல்லாம் வரிசையாக வந்தன. "கனடா வயிறு, கல்யாணச் சாப்பாட்டைத் தாங்கல" என்று பெரியம்மா தீர்ப்பே சொல்லிவிட்டார். தெருமுனை கிளினிக்கில் வாயு என்று ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள். சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. 1996இல் பிளஸ் டூ படிக்கும்போது குடல்வால் வெடித்து, தொப்புளுக்குக் கீழே நீளமாகத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். 28 வருஷம் ஓடிவிட்டது, அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

இரவு காற்றுகூடப் பிரியவில்லை என்றதும் மச்சான் காரை எடுத்துவிட்டான். தஞ்சாவூர் அவசரப் பிரிவில் இருந்த சின்னப் பையன் மாதிரியான டாக்டர் முதலில் கை வைத்தது அந்தத் தழும்பில்தான். "எப்ப பண்ணது சார் இது? கடைசியா எப்ப காத்து பிரிஞ்சுது?" இந்த இரண்டு கேள்வியிலேயே அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒரு மணி நேரத்தில் ரத்தம் எடுத்து, எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எல்லாம் முடிந்தது. டொரொண்டோ எமர்ஜென்சியாக இருந்தால் அந்நேரம் நாற்காலியில் உட்கார்ந்து என் நம்பரை எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தால் உள்ளே ஆறும்போது குடலும் வயிற்றுச் சுவரும் அங்கங்கே ஒட்டிக்கொள்ளும், நார் மாதிரி பட்டைகள் உருவாகும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும் மாதம் கழித்தோ, என்னைப் போலப் பல வருஷம் கழித்தோ, சிறுகுடல் அதில் மாட்டி மடங்கி அடைத்துக்கொள்ளும். சிறுகுடல் அடைப்புக்கு முதல் காரணமே இந்த ஒட்டுதான் என்றார் சர்ஜன். கல்யாணப் பந்தி மேல் பழியில்லை என்று பெரியம்மாவுக்கு உடனே போன் போட்டேன்.

நாங்கள் எல்லோரும் "உடனே கீஹோல் பண்ணிடுங்க", அதாவது வயிற்றைத் திறக்காமல் சின்னத் துளைகள் வழியாகவே செய்யும் ஆபரேஷன், என்று நின்றோம், சர்ஜன் அசையவில்லை. காய்ச்சல் இல்லை, நாடித்துடிப்பு கூடவில்லை, வலி விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை, சிடியில் குடலுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, அதனால் காத்திருக்கலாம், பலருக்குக் கத்தியே இல்லாமல் தானாக விட்டுவிடும் என்றார். இதில் ஒன்று மாறினாலும் நடுராத்திரியானாலும் ஆபரேஷன் தியேட்டர்தான் என்றும் சொல்லிவிட்டார். பில் ஏற்றுவதற்கு அவசரப்படுத்துவார்கள் என்று நினைத்துப் போனவன் நான், வெட்கமாக இருந்தது.

வாய்க்கு ஒன்றும் கிடையாது, கையில் டிரிப்ஸ், மூக்கு வழியாக வயிற்றுக்கு ரைல்ஸ் டியூப். "அண்ணா, தண்ணி குடிக்கிற மாதிரி முழுங்குங்க, முழுங்குங்க" என்று அந்த நர்ஸ் பொண்ணு சொல்லச் சொல்ல, கண்ணில் தண்ணீர் கொட்ட அதை உள்ளே இறக்கிய நிமிஷம் ஆபரேஷனைவிடக் கொடுமை. ஆனால் பையில் பச்சைத் தண்ணீர் இறங்க இறங்க வயிறு லேசானது. அப்புறம் டியூப் வழியாகவே எக்ஸ்ரேயில் தெரிகிற ஒரு மருந்தை உள்ளே விட்டு, மறுநாள் படம் எடுத்தார்கள். பெருங்குடலுக்கு வந்திருந்தால் வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் ஆபரேஷன். தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்போம், குடலில் ஓட்டை விழவும் வாய்ப்புண்டு என்று தமிழிலேயே எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று துளை. பழைய தழும்புக்குக் கீழே குடல் ஒட்டியிருக்கலாம் என்பதால் முதல் துளை அங்கே இல்லை, இடது விலாவுக்குக் கீழே. வீடியோவைப் பிறகு காட்டினார். குடல்வால் இருந்த இடத்திலிருந்து ஒற்றைப் பட்டை, அதன் அடியில் குடல், கதவிடுக்கில் வேட்டி நுனி மாட்டிக்கொண்ட மாதிரி. கத்தரியால் ஒரே வெட்டு, கறுத்திருந்த இடம் கொஞ்ச நேரத்தில் சிவந்து வந்தது. எல்லோருக்கும் இப்படி ஒற்றைப் பட்டையாக இருக்காதாம், நிறைய ஒட்டியிருந்தால் கீஹோல் சரிப்படாது. பட்டை திரும்ப வராது என்ற உத்தரவாதமும் தரவில்லை.

விழித்ததும் வயிற்றைவிட வலது தோள்தான் வலித்தது, உள்ளே ஏற்றிய கார்பன் டை ஆக்சைடின் வேலை. ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் காலையில் காற்று பிரிந்தது. வார்டே கேட்டு வைத்திருந்த கேள்வியாதலால் செய்தி என் மனைவிக்கு முன்னாலேயே நர்ஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது.

இனி திட்டு. அட்டெண்டர் என்று நம் வீட்டு ஆள் ஒருவர் இருபத்து நாலு மணி நேரமும் கூடவே இருந்தாக வேண்டும், ஊசி மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே ஓடுவது அவர் வேலை. ராத்திரி இரண்டு மணிக்கு மச்சான் நாலு மாடி ஏறி இறங்கினான், தனியாக வந்தவர் என்ன செய்வார்? அட்வான்ஸ் கட்டப் போனால் என் கனடா கார்டை வங்கி தடுத்துவிட்டது, அவன் ஜிபேயில்தான் கட்டினோம். டிஸ்சார்ஜ் என்று காலை பத்துக்குச் சொன்னார்கள், வெளியே வந்தது மாலை ஐந்து.

மொத்தம் 1,90,000 ரூபாய் சொச்சம். டிராவல் இன்ஷூரன்ஸுக்கு ஆபரேஷனுக்கு முன்பே போன் செய்திருந்ததால் பெரிய சண்டையில்லை, ஆனாலும் 1996 ஆபரேஷனுக்குக் காகிதம் கேட்கிறார்கள். அந்த நர்சிங் ஹோம் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. தழும்பைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.