காட்பாடி கோடரி எறிதல் போட்டி: நடத்தினால் இப்படி நடத்த வேண்டும்

காட்பாடியில் ஞாயிறன்று நடந்த கோடரி எறிதல் போட்டிக்கு மகளுடன் போயிருந்தேன். 12 அடி தூரம், ஆளுக்கு 10 வீச்சு. என்னைக் கவர்ந்தது இலக்காக வைத்த மரப்பலகைகளைப் பராமரித்த விதம்தான். வேலூர் வெயிலில் மரம் காய்ந்து இறுகினால் கோடரி பாயாது, தெறித்துத் திரும்பும். ஆட்டத்துக்கு ஆட்டம் ஒரு தம்பி பலகையில் தண்ணீர் தெளித்தார். பிளந்ததை உடனே கழற்றி மாற்றினார். ஓர் ஆட்டத்தில் மோதும் இருவரும் எறிந்து முடிக்கும்வரை எவரையும் கோட்டைத் தாண்ட நடுவர் விடவில்லை. அவசரப்பட்ட பெரியவர் ஒருவரைத் தோளைத் தொட்டு நிறுத்தினார். அந்தக் கண்டிப்புக்கே முழு மதிப்பெண் தருவேன். செருப்புடன் வந்தவர்களுக்கும் அனுமதி இல்லை, மிகச் சரி.

மதிப்பெண் பலகையை மட்டும் பார்வையாளர் பக்கம் திருப்பியிருக்கலாம். அரையிறுதியில் யார் முன்னிலை என்றே தெரியவில்லை. அடுத்த போட்டிக்கு மகள் பெயரைப் பதிவுசெய்யப் போகிறேன்.