சர்க்கரையை 'ரிவர்ஸ்' செய்யும் திட்டத்தில் சேரும் முன்

சர்க்கரையும் மாரடைப்புப் பயமும் சேர்ந்தே போய்விடும் என்று விளம்பரம் செய்த ஓர் ஆன்லைன் திட்டத்தில் அப்பாவைச் சேர்த்தோம். பணம் முழுவதையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

அப்பா இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைக்காமல் விரித்துவைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர். சர்க்கரைக்கு கிளிமெபிரைடு, இதயத்துக்கு மெட்டோபிரோலால், ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின். மாத்திரைச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினோம். அதை அங்கே யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. மாவுச்சத்தை அடியோடு குறைக்கச் சொன்ன 'ஹெல்த் கோச்', மாத்திரை அளவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கிளிமெபிரைடு, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் அதன் அளவையும் மருத்துவர் பார்த்துக் குறைக்க வேண்டும். ஒருநாள் நடுராத்திரி அப்பா வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழற உட்கார்ந்திருந்தார். சோதித்தால் 52. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான். படபடப்போ நடுக்கமோ இல்லை; மெட்டோபிரோலால் வகை மாத்திரைகள் அவற்றை மறைத்துவிடுமாம், வியர்வையை மறைக்காது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினோம். கோச் போனை எடுக்கவில்லை. காலையில் ஒரு செய்தி வந்தது: "உடம்பு நச்சை வெளியேற்றுகிறது, நல்ல அறிகுறி." இவருக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா?

ஸ்டாட்டினையும் ஆஸ்பிரினையும்கூட 'மெதுவாக விட்டுவிடலாம்' என்றிருக்கிறார் அந்தக் கோச். இதய மருத்துவர் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஆஸ்பிரினை இஷ்டத்துக்கு நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கு வேறொரு ஆபத்து உண்டு. மாவுச்சத்தைத் திடீரென விட்டால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடலாம். மீட்டரை மட்டும் பார்த்தால் தெரியாது.

உணவு மாற்றத்தால் சர்க்கரை குறையாது என்று நான் சொல்லவில்லை. சர்க்கரைக்கான மாத்திரையை நிறுத்தி 3 மாதமாவது ஆனபிறகும் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், நோய் தணிந்திருப்பதாக மருத்துவர்களே சொல்கிறார்கள். குறையும் என்பதால்தான் மாத்திரையைக் கவனிக்க ஆள் வேண்டும்.

சேரும் முன் கேளுங்கள்: மருந்தளவை மாற்றப்போவது யார், அவருடைய மருத்துவப் பதிவு எண் என்ன? ராத்திரி சர்க்கரை இறங்கினால் யாரை அழைப்பது? சிறுநீரகப் பரிசோதனை முடிவைப் பார்க்காமலே திட்டம் போட்டுக் கொடுத்தால் அப்போதே விலகிவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அப்பா 'திட்டத்தை முழுமையாகப் பின்பற்றவில்லை' என்கிறார்கள். வந்த செய்திகளையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், நுகர்வோர் புகாருக்கு.