குழப்பும் ஆங்கிலச் சொற்கள்: காதை நம்புவதா, எழுத்தை நம்புவதா?

ஒன்றுபோல ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களை நூறு நூறாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. எல்லா இணைகளும் ஒரே காரணத்தால் குழப்புவதில்லை. சில இணைகள் ஆங்கிலேயர் காதுக்கும் ஒன்றேதான். சில அவர்களுக்கு வேறு வேறாகவும் தமிழ்க் காதுக்கு மட்டும் ஒன்றாகவும் கேட்கும். இன்னும் சில, ஒலியோடு பொருளிலும் ஒட்டிக்கொண்டவை. வகைக்கு வகை மருந்து வேறு.

காது கைவிடும் இடம்

பிரின்சிபல் என்ற ஒலிக்கு இரண்டு எழுத்துக்கூட்டு உண்டு. ஏ, எல் என்று முடிந்தால் கல்லூரி முதல்வர், கடனின் அசல், 'முதன்மையான' என்னும் பெயரடை என மூன்று பொருள். எல், ஈ என்று முடிந்தால் கொள்கை அல்லது தத்துவம். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தில் வருவது இதுதான். இது பெயர்ச்சொல்லாக மட்டுமே வரும். ஆகவே, அந்த இடத்தில் 'மெயின்' என்று போட்டுப் பாருங்கள். வாக்கியம் நின்றால் ஏ, எல். 'ரூல்' பொருந்தினால் எல், ஈ.

தாள், உறை போன்ற எழுதுபொருளைக் குறிக்கும் ஸ்டேஷனரிக்கு 'என்வலப் ஈ-யில் தொடங்கும், அதனால் ஈ' என்ற குறுக்குவழி பிரபலம். அதைவிட உறுதியான பிடி சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. ஊர் ஊராகச் சுற்றாமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவர் ஸ்டேஷனர். பேக்கர் விற்பது பேக்கரியில் என்பதுபோல ஸ்டேஷனர் விற்றது ஸ்டேஷனரி. விற்பவர் பெயரில் உள்ள ஈ, ஆர் அப்படியே தங்கிவிட்டது. நகராமல் நிற்பதைக் குறிக்கும் சொல்லில் அந்த இடத்தில் ஏ வரும். வேர் இரண்டுக்கும் ஒன்றே.

காம்ப்ளிமென்ட் நடுவில் ஈ இருந்தால் நிறைவாக்குவது, ஐ இருந்தால் பாராட்டு. முதலாவது 'கம்ப்ளீட்' என்பதற்கு உறவு; அதிலும் நடுவில் ஈ. கூட்டினால் 90 பாகை வரும் நிரப்புக் கோணங்களுக்கும் ஈ. இலவசமாகத் தரும் டிக்கெட்டுக்கு மட்டும் ஐ, ஏனென்றால் அது மரியாதைக்காகத் தருவது.

மாவும் பூவும் ஆங்கிலத்தில் 'ஃப்ளவர்' என்ற ஒரே ஒலி. தற்செயல் இல்லை, ஒரு காலத்தில் ஒரே சொல். தானியத்தை அரைத்துச் சலித்தெடுத்த மிகச் சிறந்த பகுதியை அதன் 'பூ' என்றார்கள். 1755-இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில்கூட இரண்டுக்கும் தனி எழுத்துக்கூட்டு இல்லை.

நம் காதுக்கு மட்டும் ஒன்றானவை

அதிகம் உழைக்க வேண்டியது இங்கேதான், ஏனென்றால் இங்கே பேச்சும் பிழைக்கும். தலையில் போடும் கேப், வாடகைக்கு ஓடும் கேப், இரண்டு பொருளுக்கு நடுவே விடும் கேப் என மூன்று வெவ்வேறு சொற்களைத் தமிழ் எழுத்து ஒரே வடிவத்தில் அடக்கிவிடுகிறது. வல்லினம் அதிர்ந்து ஒலிப்பதா இல்லையா என்பதைத் தமிழில் இடம்தான் தீர்மானிக்கும். ஆங்கிலத்திலோ அந்த அதிர்வு மாறினால் பொருளே மாறும்.

ப்ரைஸ் என்பதை எடுத்துக்கொள்வோம். சி போட்டு எழுதினால் விலை, இசட் போட்டு எழுதினால் பரிசு. தொண்டையில் விரலை வைத்தால் பரிசின் கடைசி ஒலியில் அதிர்வு தெரிய வேண்டும் என்பார்கள். சரிதான், ஆனால் அது பாதி வழிதான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களே கடைசி இசட் ஒலியைப் பல நேரம் அதிர்வில்லாமல் தேய்த்துவிடுவார்கள். கேட்பவர் பிரித்தறிவது பெரும்பாலும் அதற்கு முன்னுள்ள உயிரின் நீளத்தை வைத்து. விலைக்கு 'ரை'யைச் சட்டென்று வெட்டி 'ஸ்' ஒலியை அழுத்துங்கள். பரிசுக்கு 'ரை'யை இழுத்து, கடைசி ஒலியை மெல்ல விடுங்கள். குறில் நெடில் பழகிய நாக்குக்கு இது கடினமே இல்லை. தொப்பி குறுகும், வாடகைக் கார் நீளும், அதே விதி.

லூஸ் இணையில் எழுத்துப் பிழை பெருகுவதற்கும் இந்த நீளமே காரணம் என்பது என் கணிப்பு. இரண்டு ஓ போட்டால் 'தளர்வான'. ஒரு ஓ போட்டால் 'இழந்துபோ' என்னும் வினை. ஒலியில் நீள்வதோ ஒரு ஓ உள்ளதுதான். நீளும் ஒலிக்கு இரண்டு எழுத்து வேண்டும் என்று கை தானாக இன்னொரு ஓ சேர்த்துவிடுகிறது. கடந்த காலத்துக்கு மாற்றிப் பாருங்கள். 'லாஸ்ட்' என்று வந்தால் ஒரு ஓ.

அட்வைஸ் இணையில் சி பெயர்ச்சொல், எஸ் வினை. வினையின் முடிவு இசட் போல ஒலிக்கும். ப்ராக்டிஸ், லைசென்ஸ் இரண்டுக்கும் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டில் இதே விதிதான், ஆனால் ஒலி மாறாது. அமெரிக்காவில் ப்ராக்டிஸ் எப்போதும் சி, லைசென்ஸ் முடிவில் எப்போதும் எஸ். எந்த நாட்டு முறையைக் கையாளுகிறோம் என்று முதலிலேயே முடிவுசெய்யாமல் இரண்டையும் கலப்பதுதான் வழக்கமான கோளாறு.

பொருளும் ஒட்டியவை

அஃபெக்ட், எஃபெக்ட்: ஏ-யில் தொடங்குவது 'பாதிப்பது' என்னும் வினை, ஈ-யில் தொடங்குவது 'விளைவு' என்னும் பெயர். முன்னால் 'தி' அல்லது 'ஆன்' (ஏ, என்) வந்தால் ஈ. மருந்தின் பக்கவிளைவும் ஈ-தான். பெரும்பாலான வாக்கியங்களுக்கு இது போதும். மிச்சத்தில் ஒன்று முக்கியம்: மாற்றத்தைக் கொண்டுவருவது என்ற பொருளில் ஈ-யும் வினையாகும். அங்கே ஏ போட்டால், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் மாற்றத்தைப் பாதிப்பது என்று பொருள் திரும்பிவிடும். உளவியலில் உணர்ச்சி வெளிப்பாட்டைக் குறிக்க ஏ பெயராகவும் வரும். அப்போது அழுத்தம் முதல் அசையில்.

இந்த இணைகளில் பலவற்றைச் சாதாரண எழுத்துப்பிழை திருத்தி அடிக்கோடிடாது. இரண்டு வடிவமும் அகராதியில் உள்ள சரியான சொற்கள். அதனால் உங்கள் கை வழக்கமாகத் தவறும் இரண்டு மூன்று இணைகளைக் குறித்துவைத்து, அனுப்புமுன் கண்ட்ரோல் எஃப் அழுத்தி இரண்டு வடிவங்களையும் தனித்தனியாகத் தேடுங்கள். 'இட்ஸ்' என்பதில் மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) போட்ட வடிவத்தைத் தேடினால் போதாது, போடாததையும் தேட வேண்டும். ஒவ்வோரிடத்திலும் 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்று விரித்து வாசியுங்கள். விரியாவிட்டால் மேற்குறியை எடுத்துவிடுங்கள்.