செட்டிங்ஸ் திறக்காத விண்டோஸ்: ரிப்பேர் இன்ஸ்டாலா, ரீசெட்டா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதையொட்டி இங்கே பர்மாவில், ரங்கூனிலும் மோல்மேனிலும் வீட்டுக் கணினி, கடைக் கணினி என்று பலரும் 11-க்கு ஏற்றிவிட்டார்கள். ஏற்றிய பிறகு சில கணினிகளில் ஒரு கோளாறு தலைகாட்டுகிறது. பற்சக்கரச் சின்னத்தை அமுக்கினால் செட்டிங்ஸ் சன்னல் ஒரு கணம் எட்டிப்பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது. பிரவுசர், வேர்ட், பிரிண்டர் எல்லாம் ஓடும். செட்டிங்ஸ் மட்டும் வராது.

இதற்குச் சொல்லப்படும் பெரிய வைத்தியங்கள் இரண்டு. விண்டோஸ் மேலேயே விண்டோஸை ஏற்றும் ரிப்பேர் இன்ஸ்டால் ஒன்று, விண்டோஸைப் புதிதாகக் கட்டும் ரீசெட் இன்னொன்று. நான் ரிப்பேர் இன்ஸ்டால் கட்சி. அதற்குக் காரணம் நம் ஊர் கரண்டும் டேட்டா விலையும்தான்.

அதற்கு முன் சில்லறை வேலைகளை முடித்துவிட வேண்டும். விண்டோஸ் விசையும் எக்ஸும் சேர்த்து அமுக்கினால் வரும் மெனுவில் டெர்மினல் அட்மின் (கட்டளை அடிக்கும் சன்னல்) இருக்கும். அதில் நெட் யூசர் கட்டளையால் புதிய கணக்கு ஒன்றை உருவாக்கி உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே செட்டிங்ஸ் திறந்தால் பழுது உங்கள் கணக்கில் மட்டும்தான். பழைய கணக்கிலேயே பவர்ஷெல் வழியாக இம்மர்சிவ்கன்ட்ரோல்பேனல் என்ற தொகுப்பை கெட்-ஏபிபிஎக்ஸ்பேக்கேஜால் எடுத்து, ரீசெட்-ஏபிபிஎக்ஸ்பேக்கேஜுக்கு அனுப்பினால் பல நேரம் அதோடு சரியாகிவிடும். ஒரு பைசா டேட்டா செலவில்லை.

புதிய கணக்கிலும் திறக்கவில்லை என்றால் சிஸ்டம் கோப்புகளில் கை வைக்க வேண்டும். அதே டெர்மினலில் முதலில் டிஐஎஸ்எம் ரெஸ்டோர்ஹெல்த் கட்டளை, பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுப்பது விண்டோஸ் தன் கோப்புகளின் பிரதிகளை வைத்திருக்கும் களஞ்சியத்திலிருந்துதான், அந்தக் களஞ்சியத்தைச் சரிசெய்வது டிஐஎஸ்எம், அதனால் வரிசை முக்கியம். டிஐஎஸ்எம் 62.3 சதவீதத்தில் செத்துக் கிடப்பது போல நிற்கும், விட்டுவிடுங்கள், நகரும். 0எக்ஸ்800எஃப்081எஃப் என்ற பிழை வந்தால் அதற்கு மூலக் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். ஐஎஸ்ஓ (முழு விண்டோஸும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) கைவசம் இருந்தால் அதிலுள்ள இன்ஸ்டால் டாட் விம் கோப்பை சோர்ஸாகக் காட்டலாம். பதிப்பு பொருந்தவில்லை என்றால் அதே பிழை மறுபடி வரும். இவ்வளவும் செய்து பலனில்லை என்றால்தான் தலைப்பிலுள்ள கேள்வி எழுகிறது.

ரீசெட்டின் நல்ல குணம் எளிமை. செட்டிங்ஸ் திறக்காவிட்டாலும் ஷிப்டை அமுக்கிக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் ரீசெட் இருக்கும் மெனுவுக்குப் போய்விடலாம். பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு போட்ட கணினி என்றால் அங்கே 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம், முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'கோப்புகளை வைத்துக்கொள்' என்று சொன்னாலும் படமும் ஆவணமும்தான் தங்கும், ஏற்றிய மென்பொருள் எல்லாம் போய்விடும். நம் கணினிகளில் அதன் அர்த்தம் வேறு. பழைய பாமினி எழுத்துரு, அதில் அடித்த கோயில் நோட்டீஸ், தமிழ்த் தட்டச்சு மென்பொருள், யூனிகோடு அல்லாத பழைய பர்மிய எழுத்துருவான ஸாவ்ஜி, பர்மியக் கீபோர்டு என்று ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து மறுபடி ஏற்ற வேண்டும். பர்மா 2019 அக்டோபரில் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறிவிட்டது, ஆனாலும் பழைய ஸாவ்ஜி கோப்புகளை வைத்திருக்கும் அலுவலகங்களுக்கு இது தலைவலிதான்.

ரீசெட்டில் லோக்கல், கிளவுட் என்று இரண்டு வழி. லோக்கல் வழி எதையும் இறக்காது, வட்டிலிருக்கும் கோப்புகளை வைத்தே புதிய விண்டோஸைக் கட்டும். டிஐஎஸ்எம்மே கைவிரித்த பழுதான களஞ்சியத்திலிருந்து கட்டினால் என்ன ஆகும்? பாதியில் 'ரீசெட் செய்ய முடியவில்லை' என்று நிற்கும், இல்லையென்றால் பழுதும் கூடவே வரும். கிளவுட் வழிக்கு 4 ஜிபிக்கு மேல் டேட்டா போகும். நண்பரிடம் இருக்கும் ஐஎஸ்ஓவைக் கொடுத்து 'இதிலிருந்து எடுத்துக்கொள்' என்று அதனிடம் சொல்லவும் வழியில்லை.

ரிப்பேர் இன்ஸ்டாலுக்கும் ஐஎஸ்ஓ வேண்டும், 5 ஜிபிக்கு மேல். ஆனால் அதை யாராவது ஒருவர் ஒருமுறை இறக்கினால் போதும், பென்டிரைவில் கைமாறிக்கொண்டே இருக்கும். பென்டிரைவ் எஃப்ஏடி32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக்கிக்கொள்ளுங்கள். கைமாறி வந்த கோப்பை அப்படியே நம்ப வேண்டாம். செர்ட்யூட்டில் கட்டளையில் எஸ்எச்ஏ256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்றது) எடுத்து, மைக்ரோசாஃப்ட் பதிவிறக்கப் பக்கத்தில் போட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். அடுத்து, கோப்பை வன்தட்டுக்கு நகலெடுத்து, இருமுறை சொடுக்கி மவுன்ட் செய்து, அதற்குள்ளிருக்கும் செட்டப்பை ஓட்ட வேண்டும்.

செட்டப் காட்டும் 'கோப்புகளையும் ஆப்களையும் வைத்துக்கொள்' என்ற வரி மங்கலாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மொழியோ பதிப்போ பொருந்தவில்லை, இல்லையென்றால் ஐஎஸ்ஓ உங்கள் விண்டோஸைவிடப் பழையது. அமெரிக்க ஆங்கிலத்துக்கும் இன்டர்நேஷனல் ஆங்கிலத்துக்கும் ஐஎஸ்ஓ தனித்தனி, பெரும்பாலும் ஆள் தடுமாறுவது இங்கேதான். டிஐஎஸ்எம் கெட்-இன்ட்எல் கட்டளை உங்கள் கணினி எந்த மொழி என்று காட்டும், வின்வெர் பதிப்பைக் காட்டும். சி டிரைவில் 20 ஜிபிக்கு மேல் காலியிடமும் இருக்கட்டும்.

இனி கரண்ட். முறை வைத்துத்தான் மின்சாரம் வருகிறது, அந்த முறையும் சொன்னபடி நடப்பதில்லை. ரிப்பேர் இன்ஸ்டாலின் முதல் பாதி விண்டோஸுக்குள்ளேயே நடக்கும். அந்த நேரம் கரண்ட் போனால் நஷ்டம் நேரம் மட்டும்தான், மறுபடி தொடங்கலாம். முதல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு வரும் பாதிதான் ஆபத்து. இரண்டையும் பிரிக்க வழி இருக்கிறது. செட்டப்பை டெர்மினலிலிருந்து ஓட்டும்போது நோரீபூட் என்ற சொல்லைச் சாய்கோட்டோடு சேர்த்துக் கொடுத்தால், முதல் பாதி முடிந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். டைனமிக்அப்டேட் டிஸேபிள் என்பதையும் சேர்த்தால் நடுவில் இணையத்திலிருந்து எதையும் இழுக்காது. முதல் பாதியை இன்வெர்ட்டரில் கூட முடிக்கலாம். அடுத்து முழுதாகக் கரண்ட் வரும் வேளை பார்த்து ரீஸ்டார்ட் கொடுங்கள். எஸ்எஸ்டி என்றால் மீதி வேலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும், பழைய சுழல்வட்டு என்றால் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: காத்திருக்கும்போது கரண்ட் போய்விட்டால், அடுத்த முறை பவர் பட்டனை அமுக்கியதுமே இரண்டாம் பாதி தொடங்கிவிடும். நீண்ட வேளை கிடைக்கும் வரை அமுக்காமல் இருங்கள்.

அப்படியும் நடுவில் போனால் செட்டப் பெரும்பாலும் பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடும். ரீசெட்டில் இப்படி நிறுத்திப் பிடிக்க இடமே கிடையாது. பாதியில் போனால் பூட் ஆகாத கணினியும் பென்டிரைவ் தேடும் வேலையும்தான் மிஞ்சலாம்.

ரீசெட்டுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. வைரஸ் புகுந்த கணினிக்கும், கைமாற்றி விற்கப்போகும் கணினிக்கும் அதுதான் சரி. ரிப்பேர் இன்ஸ்டால் ஆப்களோடு அழுக்கையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும். மேலே சொன்னது எல்லாம் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு. ஏஆர்எம் சிப் மடிக்கணினிக்கு ஐஎஸ்ஓவே வேறு, அந்தப் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு.

வேலை முடிந்ததும் சி டிரைவில் விண்டோஸ் டாட் ஓல்டு என்ற கோப்புறை பல ஜிபியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பழையதற்குத் திரும்ப 10 நாள்தான் அவகாசம், டிஐஎஸ்எம்மில் செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ கொடுத்து 60 நாள் வரை நீட்டிக்கலாம். இன்னொன்று, கணினி இப்போது ஐஎஸ்ஓ வெளிவந்த நாளின் நிலைக்குப் போயிருக்கும், அதற்குப் பிந்திய அப்டேட்டுகள் எல்லாம் வரிசையில் காத்திருக்கும். எனவே செட்டிங்ஸ் திறந்ததும் நெட்வொர்க் பகுதிக்குப் போய் உங்கள் வைஃபையை மீட்டர்டு (டேட்டாவைச் சிக்கனமாகச் செலவிடும்) இணைப்பாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் மிச்சப்படுத்திய டேட்டா அன்று இரவே காலியாகிவிடும்.