580 ரூபாய் எர்த் வயரும் மூன்று வருட அலைச்சலும்: என் 2009 மாடல் செடான் அனுபவம்

போன வாரம்தான் வண்டி சரியானது. மூன்று வருடமாக என்னை அலைக்கழித்த கோளாறு, கூலியும் சேர்த்து 580 ரூபாயில் முடிந்துபோனது. இந்த நேரம் பார்த்து என் மைத்துனன் குடியாத்தத்திலிருந்து போன் செய்து, "மாமா, ஆம்பூர்ல உங்க வண்டி மாதிரியே ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, 2010 மாடல், விலையும் கம்மியாத்தான் சொல்றாங்க, வாங்கலாமா?" என்று கேட்டான். போனில் ரெண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிற பதில் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன், அவனுக்கும், பழைய செடான் வாங்கலாம் என்று யோசிக்கிற மற்றவர்களுக்கும்.

மைலேஜ் எவ்வளவு, டிக்கியில் எத்தனை பெட்டி பிடிக்கும் என்பதெல்லாம் ஊரறிந்த விஷயம், அதை விட்டுவிடுகிறேன். 2009 மாடல், பெட்ரோல், மேனுவல் கியர், டிஎன் 23, அதாவது வேலூர் பதிவு. 2016இல் இரண்டாவது ஓனராக வாங்கினேன், அப்போது 62,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 1,48,000 தாண்டிவிட்டது. என்ஜினைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஏ.சி.யும் போட்டுக்கொண்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் முனகாமல் ஏறியிருக்கிறது. ஏ.சி. இன்னும் ஒரு படி மேலே. மே மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு சத்துவாச்சாரியில் கார் கதவைத் திறந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும், ஐந்து நிமிடத்தில் உள்ளே குளிர்ந்துவிடும். பின் சீட்டில் என் அம்மா கால் நீட்டி உட்கார்ந்து திருவண்ணாமலை வரை இடுப்பு வலி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திருக்கிறார்கள்.

ஆனால் வயரிங். அந்த வயரிங்.

முதலில் சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. முந்தைய ஓனர் வண்டியை அலங்கரிப்பதில் ஆசை உள்ளவர்போல. ரிவர்ஸ் போட்டால் பாட்டு, அடியில் எல்இடி பட்டை, கூடுதல் ஃபாக் லேம்ப், ஒரு மலிவு விலை அலாரம், ஹெட்லைட்டில் 100 வாட் பல்பு என்று ஒன்று விடாமல் மாட்டியிருந்தார். மாட்டியதில் தப்பில்லை, மாட்டிய விதம்தான் தப்பு. எதற்கும் ரிலே, அதாவது அதிகக் கரண்ட்டை சுவிட்சுக்குப் பதிலாகத் தாங்கிக்கொள்கிற துணை சுவிட்ச், கிடையாது. ஒரிஜினல் வயரைப் பிளேடால் சீவி, அதில் இன்னொரு வயரை முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். நம் ஊர் வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி, சுற்று நழுவி, செம்பு வெளியே தெரிந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டால் விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும்.

அந்த 100 வாட் பல்பு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றைக்கும் நிறையப் பேர் அதைப் போடுகிறார்கள். கம்பெனியில் வருவது ஹை பீமுக்கு 60 வாட், அதாவது பல்புக்கு 5 ஆம்பியர், இரண்டுக்கும் 10. நூறு வாட் போட்டால் இரண்டுக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 17 ஆம்பியர், எல்லாம் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகத்தான் போகும். ஃபியூஸ் போகாமல் இருக்க, நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் பச்சை நிற 30 ஆம்பியரைச் செருகியிருந்தார்கள். ஃபியூஸ் போவது நம் நன்மைக்குத்தான், அது போகவில்லை என்றால் அடுத்து எரியப்போவது வயர். என் வண்டியில் சுவிட்சின் பிளாஸ்டிக் உருகி, ஒரு ராத்திரி வாலாஜாவைத் தாண்டி வரும்போது ஹை பீமிலிருந்து டிம்முக்கு மாறவே இல்லை. எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லாம் லைட் அடித்துத் திட்டிக்கொண்டே போனார்கள். மறுநாளே பழைய பல்பு, நீல ஃபியூஸ், இரண்டு ரிலே போட்டேன். அந்தப் பிரச்சினை அதோடு சரி.

அலாரம் தனிக் கதை. மூன்று நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் பேட்டரி படுத்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்துப் பார்த்தால், எல்லாம் ஆஃப் செய்து அரை மணி நேரம் கழித்தும் 300 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. 50க்குள் இருந்தால் நியாயம். 300 என்றால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர் மணிக்கு மேல், என் பேட்டரியோ 45தான், மூன்று நாளில் பாதி காலி. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் அலாரம் இருந்த லைனைக் கழற்றியதும் சட்டென்று 30க்கு இறங்கியது. அலாரத்தையே பிடுங்கி எறிந்துவிட்டேன். இப்படி ஃபியூஸ் பிடுங்கிப் பார்ப்பது யாரும் வீட்டிலேயே செய்யக்கூடியது, ஒரு மீட்டர் இருந்தால் போதும்.

பின் கதவு பவர் விண்டோ, 2021 நவம்பரில். பாலாற்றில் கரை புரண்டு தண்ணீர் வந்ததே, அந்த வாரம். வேலூர்க்காரனுக்குப் பாலாற்றில் தண்ணீர் பார்ப்பது என்றால் சும்மாவா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். பார்ப்பதற்காகக் கண்ணாடியை இறக்கியவள் என் பெண், அது மறுபடி ஏறவே இல்லை. கொட்டுகிற மழையில் வீடு வரைக்கும் ஜன்னலில் துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மோட்டார் போய்விட்டது, புதுசு போடவேண்டும் என்றார்கள். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது. கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் இருக்குமே, கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி அதற்குள் இருக்கும் வயர் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும், மேல் தோல் மட்டும் சேர்ந்திருக்கும். கதவைப் பாதி திறந்து வைத்து சுவிட்சை அழுத்தினால் கண்ணாடி ஏறுகிறது, மூடினால் நிற்கிறது என்றால் கோளாறு அங்கேதான்.

எலி கடித்தது ஒரு முறை. வேப்பிலை விழுந்து வைப்பருக்குக் கீழே இருக்கிற தண்ணீர் வடியும் ஓட்டை அடைத்து ஃபியூஸ் பெட்டிக்குள் சொட்டியது ஒரு முறை. இவை எந்த வண்டிக்கும் வரும், வண்டியைக் குறை சொல்வது நியாயமில்லை.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 2022 கோடையிலிருந்து வண்டி சூடாக இருந்தால் செல்ஃப் எடுக்காது. காலையில் எடுக்கும், ராத்திரி எடுக்கும், பகலில் ஓட்டி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், இல்லாவிட்டால் சாகப்போகிற மாதிரி "உர்ர்... உர்ர்". அக்னி நட்சத்திரத்தில் அம்மாவை டாக்டரிடம் காட்டிவிட்டு வெளியே வந்து, ஆற்காடு ரோட்டில் அத்தனை கூட்டத்தின் நடுவில் அவர்களை நிழலில் நிற்கவைத்துவிட்டு நான் தள்ள ஆள் தேடிய நாட்கள் ஒன்றிரண்டு இல்லை. என் மனைவி ஒரு கட்டத்தில், "ஏங்க, ஆட்டோவிலயே போயிடலாம், இந்த வண்டி வேணாம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் பேட்டரி மாற்றினோம், 4,800 ரூபாய். நான்கு மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் அதே கதை. ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, வோல்டேஜ் குறைவாகக் காட்டுகிறது, டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை என்றார்கள். ரீகண்டிஷன் செய்த டைனமோ 6,500. சரியாகவில்லை. செல்ஃப் மோட்டாரில் கார்பன் பிரஷ், புஷ் மாற்றி 3,200. கொஞ்ச நாள் தேவலை, மறுபடி அதே. ஒன்றரை வருடத்தில் இரண்டாவது பேட்டரியும் செத்தது. வெயில்தான் காரணம் என்றார்கள். வெயில் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும், அது உண்மைதான், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்று ஒரு கணக்கே உண்டு. ஆனால் எங்கள் தெருவில் அதே வெயிலில் நிற்கிற மற்ற வண்டிகளின் பேட்டரி மூன்று நான்கு வருடம் வருகிறதே, அதை யாரும் யோசிக்கவில்லை. இதில்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஸ்கேனர் வோல்டேஜ் குறைவு என்று சொல்லும், எங்கே குறைகிறது என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மனிதன் மீட்டரைக் கையில் எடுக்கவேண்டும். மூன்று வருடத்தில் ஒருவர்கூட எடுக்கவில்லை, பாகத்தை மாற்றி பில்லைத்தான் நீட்டினார்கள்.

போன வாரம் தோட்டப்பாளையம் பக்கத்தில் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் போனேன், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். மர ஸ்டூல், ஒரு டெஸ்ட் லேம்ப், கண்ணாடி கீறிப்போன ஒரு மீட்டர், அவ்வளவுதான் கடை. நான் மாற்றியதையெல்லாம் வரிசையாகச் சொன்னதும், "இத்தினியும் மாத்தினீங்க, எர்த்து பார்த்தீங்களா சார்?" என்று கேட்டார். எர்த் என்றால் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற வழி, அதை யாரும் பார்க்கவில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்தார், இன்னொரு முனையை என்ஜின் இரும்பில் அழுத்தினார், "செல்ஃப் அடிங்க" என்றார். மீட்டரில் 2.4 என்று வந்தது. "இது கால் வோல்ட்ட தாண்டக் கூடாது. ரெண்டரை வோல்ட்டு இங்கயே நின்னுடுச்சு, செல்ஃபுக்கு இன்னா போவும்?" என்றார்.

அப்புறம் அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில், மறுமுனையை என்ஜின் பிளாக்கில் மாட்டி, திரும்ப அடிக்கச் சொன்னார். சாவியைத் திருப்பின நொடியில் என்ஜின் பிடித்துக்கொண்டது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் வாங்கின அன்றைக்கு எப்படிப் பிடித்ததோ அப்படி. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

வண்டிக்கு அடியில் படுத்து அவர் கழற்றிக் கொண்டுவந்தது ஒரு முழம்கூட இல்லாத பின்னல் வயர், என்ஜினையும் பாடியையும் இணைப்பது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நுனியில் இருந்த வளையத்தை லேசாக வளைத்தார், உள்ளே பச்சையாகக் களிம்பு, பின்னலில் முக்கால்வாசி இழை பொடியாக உதிர்ந்து அவர் உள்ளங்கையில் கொட்டியது. மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது பத்துப் பதினைந்து இழைதான். செல்ஃப் அடிக்கும்போது நூறு, நூற்றைம்பது ஆம்பியர் அது வழியாகத் திரும்பிப் போகவேண்டும். சூடானால் அந்த இழைகளின் தடை இன்னும் ஏறும், அதனால்தான் பகலில் மட்டும் படுத்தது.

அதோடு போகவில்லை. டைனமோ என்ஜினில்தான் உட்கார்ந்திருக்கிறது, அதன் எர்த்தும் இதே வயர்தான். டைனமோவின் உடம்பில் வைத்து அளந்தால் 14.1 வோல்ட் இருந்தது, பேட்டரியின் இரண்டு முனையிலும் அளந்தால் 13.1தான். நடுவில் ஒரு வோல்ட்டை இந்த வயர் தின்றுவிட்டது. பேட்டரி ஒரு நாள்கூட முழுசாக நிரம்பவில்லை. நிரம்பாத பேட்டரியின் தகட்டில் சல்பேட் படியும், அப்படியே செத்துப்போகும். ஆக, இரண்டு பேட்டரியும் வெயிலில் மட்டும் சாகவில்லை, பட்டினியிலும் செத்தன. நான் கழற்றிக் கொடுத்த டைனமோ நல்ல டைனமோ.

புது வயர் 380, கூலி 200. வயர் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கத் தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே வாசலைன் தடவினார். திரும்ப அளந்தபோது 0.1. அன்று ராத்திரி ஹெட்லைட்டைப் போட்டதும் பெட்ரோமாக்ஸுக்குக் காற்று அடித்த மாதிரி வெளிச்சம் வந்தது. இதுவரை இந்த வெளிச்சம் இல்லாமல்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. பிரேக் மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது, அதையும் அவரே பார்த்து, டிக்கிக்குள் பின் லைட்டின் எர்த் ஸ்குரூவைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். தன் வழி அடைத்துக்கொண்டால் கரண்ட் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கும் என்றார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

சரி, மைத்துனன் கேட்டதற்கு வருகிறேன். வாங்காதே. என்ஜின் நல்லது, ஏ.சி. நல்லது, சீட் நல்லது, இதெல்லாம் மேலே நானே எழுதினதுதான், ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் பதினைந்து வயதான வயரிங், அதுவும் நம் ஊர் வெயிலில் வெந்தது, முன்னே வைத்திருந்தவர் எங்கெங்கே பிளேடு வைத்தாரோ தெரியாது. உன் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. நடு ரோட்டில் நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், உனக்கு அது வேண்டாம்.

நான் என் வண்டியை விற்கப்போவதில்லை. போன வருடம் பதினைந்து வருடம் முடிந்து, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துவிட்டேன், அதுவும் செல்ஃப் எடுக்காத காலத்திலேயே. இப்போது எடுக்கிறது, இப்போது யார் வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

இவ்வளவு சொல்லியும் அந்த ஆம்பூர் வண்டியைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நீ நின்றால், முன்பணம் கொடுக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி ஆறியிருக்கும்போது வேண்டாம், மதியம் போவோம். அரை மணி ஓட்டிச் சூடாக்கி நிறுத்திவிட்டு மீட்டரை வைத்துப் பார்க்கிறேன். பாயையும் கேட்டுவிட்டேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.