110, 102, 101: வேக்கம் வேலைக்கு எந்தச் செம்பு?

எங்கள் ஆய்வகத்தில் மெல்லிய உலோகப் படலம் படியவைக்க ஒரு வேக்கம் சேம்பர் (காற்றை உறிஞ்சி வெளியேற்றிய மூடிய அறை) புதிதாகச் செய்தோம். டங்ஸ்டனால் ஆன படகு வடிவத் தட்டில் வெள்ளித் துண்டை வைத்து, சில வோல்ட்டில் 200 ஆம்பியர் வரை செலுத்தினால் வெள்ளி ஆவியாகி மேலே இருக்கும் கண்ணாடியில் படியும். அந்த மின்னோட்டத்தை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சேம்பர் வரை கொண்டுவர பஸ்பார், அதாவது தடித்த உலோகப் பட்டை, வேண்டும். சேம்பர் சுவரைத் தாண்டி உள்ளே கொண்டுபோக இரண்டு ராடு வேண்டும். இரண்டுமே செம்புதான், ஆனால் எந்தக் கிரேடு? முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ்பாருக்கு 110, ராடுக்கு 102. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யும் 101-ஐ வாங்கவில்லை.

பெயர்கள் தெரியாதவர்களுக்கு: அமெரிக்க எண்முறையில் இவை சி11000, சி10200, சி10100. முதலாவது இ.டி.பி. எனப்படும் சாதாரண எலெக்ட்ரிகல் செம்பு. குறைந்தது 99.90 சதவீதம் செம்பு, அதில் வழக்கமாக 200 முதல் 400 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஆக்சிஜன். இரண்டாவது ஆக்சிஜன் நீக்கிய ஓ.எஃப்.: 99.95 சதவீதம், ஆக்சிஜன் 10 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது. மூன்றாவது எலெக்ட்ரானிக் தரமான ஓ.எஃப்.ஈ.: 99.99 சதவீதம், ஆக்சிஜன் உச்சவரம்பு 5 பி.பி.எம். ஐரோப்பியச் சான்றிதழ் கையில் வந்தால் இதே வரிசையில் சி.டபிள்யூ.004ஏ, 008ஏ, 009ஏ என்று இருக்கும். கடைகளில் பொதுவாகச் சொல்லும் 'ஓ.எஃப்.எச்.சி.' 102-ஆகவும் இருக்கலாம், 101-ஆகவும் இருக்கலாம். அந்தச் சொல்லை மட்டும் நம்பி ஆர்டர் போடக் கூடாது.

மின்கடத்தலை வைத்துத்தான் பலரும் இவற்றை ஒப்பிடத் தொடங்குகிறார்கள். அங்கே பேச அதிகம் இல்லை. 1913-இல் வகுத்த சர்வதேச அளவுகோலில், பதப்படுத்திய செம்பின் கடத்துதிறனை 100 சதவீதம் என்று வைத்தார்கள். 110-க்கும் 102-க்கும் தரக்குறிப்பு கேட்பது குறைந்தது 100, 101-க்கு 101. நல்ல 110 ராடை அளந்தால் அதுவும் 101 பக்கம் வந்து நிற்பது வழக்கம். காரணம் சுவையானது: 110-இல் இருக்கும் ஆக்சிஜனே இரும்பு போன்ற அசுத்தங்களை ஆக்சைடாக்கிச் செம்புக்குள் கரையவிடாமல் ஒதுக்கிவிடுகிறது. கடத்தலைப் பொறுத்தவரை அங்கே ஆக்சிஜன் எதிரியே இல்லை.

எங்கள் ராடையே கணக்குப் போட்டுப் பார்த்தோம். 16 மி.மீ. விட்டம், 300 மி.மீ. நீளம். மின்தடை சுமார் 26 மைக்ரோ ஓம். 200 ஆம்பியரில் அதில் வீணாகும் வெப்பம் ஒரு வாட். கிரேடு மாற்றி ஒரு சதவீதம் மிச்சம் பிடித்தால் மிச்சமாவது நூறில் ஒரு வாட். சரியாக இறுக்காத ஒரு போல்ட் ஜாயின்ட் 100 மைக்ரோ ஓம் காட்டினால், அந்த இடம் மட்டும் 4 வாட் தின்னும். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.39 சதவீதம் ஏறுகிறது. அதாவது இரண்டரை டிகிரி சூடானாலே அந்த ஒரு சதவீதம் போய்விட்டது. ஆக்சிஜன் நீக்கிய செம்பு என்று ஸ்பீக்கர் ஒயருக்கு மேல்விலை கொடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஆக, பஸ்பாருக்கு 110 என்பதில் விவாதமே இல்லை. சரியான குறுக்களவு, சுத்தம் செய்த தொடுபரப்பு, ஒழுங்காக இறுக்கிய போல்ட், அவ்வளவுதான்.

அடுத்து, செம்புக்குள்ளிருந்தே வாயு கசிவது. '110-இல் ஆக்சிஜன் இருக்கிறது, அது வேக்கத்தில் வெளியே வந்துகொண்டே இருக்கும்' என்று ஒரு பயம் பரவலாக உண்டு. அறை வெப்பநிலையில் அந்த ஆக்சிஜன் குப்ரஸ் ஆக்சைடு என்ற செம்பு ஆக்சைடாகச் செம்புக்குள் கட்டுண்டு கிடக்கிறது, எங்கேயும் போவதில்லை. பம்ப் போட்டும் பிரஷர் இறங்கவில்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பரப்பில் ஒட்டிய ஈரம், லேத்தின் கூலன்ட் எண்ணெய், கைரேகை. இவை மூன்று கிரேடிலும் ஒரே மாதிரிதான் ஒட்டும். பழைய கோட்டிங் யூனிட்களில் உள்ளதுபோல ரப்பர் வளையமான ஓ-ரிங் வைத்து இறுக்கும் மின்முனை (சுவரைத் தாண்டும் ராடு அமைப்பு) என்றால், 110 ராடே தாராளமாகப் போதும்.

அப்படியானால் 102-க்கு ஏன் போனோம்? எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒரே கேள்வி: கடைசல் முடிந்தபின் இந்தச் செம்பு நெருப்பைப் பார்க்கப் போகிறதா?

எங்கள் சேம்பரை பேக்கிங் செய்து, அதாவது சூடேற்றி ஒட்டிய ஈரத்தை விரட்டி, நல்ல வேக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால் மின்முனையில் ரப்பர் ஓ-ரிங் வேண்டாம் என்று முடிவானது. ராடைச் சுற்றி மின்காப்பாக அலுமினா செராமிக், அதற்கு மெட்டல் ஸ்லீவ், வெளியே சேம்பரோடு பொருத்தும் ஸ்டெயின்லெஸ் ஃபிளாஞ்ச். எல்லாவற்றையும் 72 பங்கு வெள்ளி, 28 பங்கு செம்பு கலந்த ஃபில்லரை உருக்கி இடைவெளியில் ஓடவிட்டு இணைக்க, அதாவது பிரேசிங் செய்ய, வேண்டும். அது உருகுவது 780 டிகிரியில். ஃபர்னஸ் அதைத் தாண்டிப் போகும். பிரேசிங் செய்து தருபவர்கள் பயன்படுத்துவது ஹைட்ரஜன் ஃபர்னஸ். ஹைட்ரஜன் உலோகப் பரப்பைச் சுத்தமாக வைக்கும், ஆக்சைடை நீக்கும் ஃபிளக்ஸ் தேவைப்படாது, வேக்கம் வேலைக்கு அருமையான முறை.

110 செம்புக்கு மட்டும் அது எமன். சூடான செம்புக்குள் ஹைட்ரஜன் மிக எளிதாக நுழையும். உள்ளே குப்ரஸ் ஆக்சைடைச் சந்தித்தால் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு நீராவியாகிறது. ஹைட்ரஜன் வந்த வழியே நீராவியால் திரும்பிப் போக முடியாது, மூலக்கூறு பெரிது. மூடி அடைத்த குக்கர் போல உள்ளே அழுத்தம் ஏறி, படிக மணிகளின் எல்லைகள் பிளந்துகொள்கின்றன. 400 டிகிரி அளவிலேயே இது ஆரம்பித்துவிடும், 800-இல் நிமிடக் கணக்கில் நடந்து முடியும். வெளியே பார்த்தால் பளபளவென்று புதிய செம்பு. வளைத்தால் மண் ஓடு மாதிரி விரிசல் விடும்.

பஸ்பாரில் இப்படி நடந்தால் பலம் குறையும், அதோடு போயிற்று. வேக்கம் சுவரில் நடந்தால் ஒவ்வொரு விரிசலும் காற்று உள்ளே வரும் பாதை. போதாதற்கு, ராடை இழுத்து உருவாக்கும்போது ஆக்சைடுத் துகள்களும் இழுபட்ட திசையிலேயே வரிசையாக நிற்கும். அந்த வரிசை ஒரு முனை வெளிக்காற்றிலும் மறுமுனை சேம்பருக்குள்ளும் இருக்கும் ராடின் நீளவாக்கில் இருக்கிறது. இதைவிட மோசமான இடத்தில் அது அமைய முடியாது. பிரேசிங் ஜாயின்ட் அப்பழுக்கில்லாமல் இருந்தும் வெளியே ஹீலியம் அடித்துச் சோதித்தால் லீக் டிடெக்டரில் அது காட்டும். ஜாயின்டை மறுபடி ஃபர்னஸில் ஓட்டினால் இன்னும் மோசமாகும், ஏனென்றால் மறுபடியும் ஹைட்ரஜன், மறுபடியும் சூடு.

ஹைட்ரஜன் இல்லாத வேக்கம் ஃபர்னஸில் பிரேசிங் செய்தால் 110 தப்பிக்க வாய்ப்பு உண்டு. பஸ்பார்களை டார்ச் வைத்து சில்வர் பிரேசிங் செய்கிறார்கள். குறைந்த சூடு, குறைந்த நேரம் என்பதால் பெரும்பாலும் தாங்குகிறது. என் தயக்கம் பிற்காலத்தைப் பற்றியது. நாலு வருஷம் கழித்து யாராவது ஒரு ரிப்பேருக்காக அதே ராடை கேஸ் டார்ச்சில் காய்ச்சுவார்கள். அந்தச் சுடரிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. அப்போது கிரேடு என்ன என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். (டார்ச் வேலைக்குக் கடையில் கிடைக்கும் சில்வர் ராடுகள் பலவற்றில் துத்தநாகம் இருக்கும், சிலவற்றில் காட்மியமும். இரண்டும் சூட்டில் சுலபமாக ஆவியாகிச் சேம்பரை அசிங்கப்படுத்தும். சேம்பருக்குள் அவை வேண்டவே வேண்டாம்.)

சரி, ஆக்சிஜன் நீக்கியதுதான் வேண்டும் என்றானபின் 102-ஆ, 101-ஆ? ஆக்சிஜன் 10 பி.பி.எம்.முக்கும் 5 பி.பி.எம்.முக்கும் உள்ள வித்தியாசம், 300-இலிருந்து 10-க்கு இறங்கிய பிறகு, பிரேசிங்கில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை. 101-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் வேறு ஒன்றுக்காக. காட்மியம், துத்தநாகம், பாஸ்பரஸ், ஈயம் என்று ஒவ்வொரு அசுத்தத்துக்கும் தனித்தனி உச்சவரம்பு அதில் உண்டு. காட்மியமும் துத்தநாகமும் தலா 1 பி.பி.எம்.முக்கு மேல் கூடாது. எலெக்ட்ரான் குழாய், நுண்ணலையைப் பெருக்கும் கிளைஸ்ட்ரான் குழாய், துகள் முடுக்கியின் குழிவறை என்றால் அந்தக் கட்டுப்பாட்டுக்கு அர்த்தம் உண்டு. எலெக்ட்ரானை உமிழும் சூடான கேதோடு பக்கத்தில் இருக்கும், குழாயை ஒருமுறை மூடி சீல் வைத்தபின் உள்ளே ஆவியாவது எதுவும் வெளியேற வழியில்லை. எங்கள் சேம்பரில் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது, உள்ளே நாங்களே வெள்ளியை ஆவியாக்குகிறோம். அங்கே 1 பி.பி.எம். துத்தநாகத்தைத் தேடுவது வீண் வேலை.

நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. 101 என்று கேட்டபோது கிடைத்த கொட்டேஷன்களில் மில் டெஸ்ட் சர்டிபிகேட்டோடு (ஆலையே தரும் சோதனைச் சான்று) வந்தது குறைவு. சர்டிபிகேட் இல்லாத 101-ஐவிட, ஹீட் நம்பரோடு (எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்) வந்து அதே நம்பர் ராடிலும் அடித்திருக்கும் 102 எனக்கு நூறு மடங்கு மேல். நிறத்தை வைத்தோ லேத்தில் சில்லு வருவதை வைத்தோ மூன்றையும் பிரிக்க யாராலும் முடியாது. மூன்றுமே டூலில் ஒட்டிக்கொண்டு ஒரே மாதிரிதான் தொல்லை கொடுக்கும்.

சர்டிபிகேட் இருந்தாலும் சோதிப்பது கஷ்டமில்லை. ராடின் முனையில் ஒரு துண்டு வெட்டி, ஹைட்ரஜனில் 850 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறியபின் வளைத்துப் பார்ப்பது தரநிலைகளிலேயே இருக்கும் முறை. ஃபர்னஸ்காரர்களிடம் சொன்னால் வேறு லோடோடு சேர்த்துப் போட்டுத் தருவார்கள். அதுவும் முடியாதா? அருகில் உள்ள பொறியியல் கல்லூரியின் மெட்டலர்ஜி லேபில் பாலிஷ் செய்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம். குப்ரஸ் ஆக்சைடு சாதாரண வெளிச்சத்தில் நீலச் சாம்பல் புள்ளிகளாகவும், போலரைஸ் செய்த ஒளியில் மாணிக்கச் சிவப்பாகவும் தெரியும். 102-இல் அந்தச் சிவப்பு தெரிந்தால் ராடைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

மற்ற கிரேடுகளைப் பற்றி இரண்டு வரி. சேம்பருக்கு வெளியே சுற்றும் கூலிங் குழாய்க்கு ஏசி மெக்கானிக் வாங்கும் செம்புக் குழாய்தான் போட்டோம். அது பாஸ்பரஸ் சேர்த்து ஆக்சிஜன் நீக்கிய சி12200. ஹைட்ரஜனுக்கு அஞ்சாது, நன்றாக பிரேஸ் ஆகும். கடத்தல் 85 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும், ஆனால் தண்ணீர்க் குழாய்க்கு அதைப் பற்றி என்ன கவலை? டெல்லூரியம் செம்பு கடைசலுக்குச் சொர்க்கம். கடத்தலும் 90-க்கு மேல். வெளியே உள்ள டெர்மினல்களுக்குச் சரி, பேக்கிங் செய்யும் சேம்பருக்குள் நான் போட மாட்டேன். மிகக் குளிர்ந்த வெப்பநிலை வேலையும் உயர் அதிர்வெண் வேலையும் நான் கையால் செய்ததில்லை. அங்கே தூய்மை நிஜமாகவே பலன் தரும் என்பதால், அந்த வேலைக்காரர்கள் 101 கேட்டால் நான் குறுக்கே நிற்கப் போவதில்லை.

பிரேசிங்குக்கு அப்புறம் எந்தக் கிரேடும் முழுக்க மெத்தென்று ஆகிவிடும். ஹாஃப் ஹார்ட் (பாதி கடினமாக்கிய) ராடு என்று தேடி வாங்குவதில் பயன் இல்லை. செம்பிலேயே மரை போட்டால் இரண்டாவது முறை கழற்றும்போதே நழுவும். நாங்கள் முனையைத் தட்டையாக்கி, துளையிட்டு, ஸ்டெயின்லெஸ் போல்ட்-நட் போட்டோம். மிச்சத் துண்டுகள் பழைய செம்புக் கடையில் மூன்றும் ஒரே விலைதான் போகும் என்பதால், கடைசல் பட்டறையில் எல்லாம் ஒரே டிரேயில் கலந்துவிடும். 102 துண்டுகளின் இரு முனையிலும் நம்பர் பஞ்ச் அடித்து வைத்திருக்கிறோம். பஞ்ச் இல்லாத துண்டு எதுவானாலும் அதை 110 என்றே எடுத்துக்கொண்டு, ஃபர்னஸ் பக்கம் கொண்டுபோவதில்லை.